வெள்ளம் வடிந்த மத்தியானம்

அவனை எல்லோரும் குட்டியாறு என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. சம்பள நாளன்று மட்டும் அது தலையைக் காட்டிவிட்டு ஒளிந்துகொள்ளும்.

அவன் வேலை ஆறு செய்வது. ஆறுகளை ஆராய்கிற அலுவலகத்தின் பின்பக்கத்தில், விமானத்தை நிறுத்தலாம் போல ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் செங்கல் சுவர் எழுப்பிய நீளத் தொட்டி. தொட்டியில் மணலைக் கொட்டி, அளவு பார்த்து அறுத்த பலகைகளைக் குறுக்கே வரிசையாக நட்டு, பலகையின் வளைவுக்கு ஏற்றபடி கரணையால் மணலை இழைத்து, பிறகு பலகைகளை ஒவ்வொன்றாக உருவி எடுத்தால், வெளியே ஓடுகிற பெரிய ஆறு கொட்டகைக்குள் முழங்கால் உயரத்தில் படுத்திருக்கும். பம்பைப் போட்டால் ஓடும். பாலம் கட்டப் போகிறவர்களும் மதகு வைக்கப் போகிறவர்களும் முதலில் இந்தக் குட்டி ஆற்றில் கட்டிப் பார்ப்பார்கள். அங்கே எது விழுந்தாலும் யாருக்கும் சேதமில்லை. மறுநாள் காலை குட்டியாறு கரணையோடு வந்து உட்கார்ந்து, விழுந்ததை எடுத்து நிறுத்திவிடுவான்.

இதை வீட்டில் யாருக்கும் அவனால் புரியவைக்க முடியவில்லை. "பொண்ணு கேட்டு வந்தப்ப ஆபீஸ் வேலைன்னாங்க, மணல்ல வீடு கட்டி விளையாடுற வேலைன்னு யாரும் சொல்லலை" என்று அவன் மனைவி சொல்லிச் சொல்லியே அந்த வேடிக்கையைத் தேய்த்துவிட்டிருந்தாள். தங்கையின் கணவர் ஒரு தையல்காரர். அவர் இன்னும் ஒருபடி மேலே போவார். மைத்துனனைக் கண்டதும் கழுத்தில் தொங்கும் அளவு நாடாவை உருவி நீட்டி, "மச்சான், ஆத்துக்கு இடுப்பளவு எடுத்தாச்சா? இந்த வருஷம் கொஞ்சம் பெருத்தாப்ல இருக்கே" என்பார். தான் சொன்னதற்குத் தானே முதலில் சிரிக்கிற மனிதர். அந்தச் சிரிப்பைப் பார்த்தே மற்றவர்களுக்குச் சிரிப்பு வந்துவிடும். குட்டியாறுக்கு மட்டும் வராது.

ஆனால் அந்த மணல் விளையாட்டில் அவன் கைக்கு ஒரு பக்குவம் வந்திருந்தது. தொட்டியில் தண்ணீரைத் தாறுமாறாக விட்டால் இழைத்த தரை கலைந்துபோகும். கடைசிப் பக்கத்திலிருந்து கசியக் கசிய ஏற்ற வேண்டும். வடிப்பது அதைவிடக் கஷ்டம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவன் அடைப்பைச் சட்டென்று உருவிவிட்டு டீ குடிக்கப் போனான். திரும்பி வந்தபோது தண்ணீர் ஓடும்போது கல்லுப்போல நின்ற கரைகளெல்லாம் ஆற்றுக்குள் சரிந்து கிடந்தன. நனைந்த மண் கனமானது. தண்ணீர் எதிரே நிற்கிறவரை அதன்மேல் சாய்ந்து நிற்கும். தண்ணீர் விலகினால் விழும். அன்றிலிருந்து அடைப்பை அவன் திருகுகிற வேகத்தைப் பார்த்தால் குழந்தைக்குக் காது குத்துகிறான் என்று நினைக்கத் தோன்றும்.

ஆற்றின் குணமும் அவனுக்கு அத்துபடி. ஆறு வளைகிற இடத்தில் ஒரு ஊசியை நட்டு, உச்சியில் சிவப்பு நூலும் அடியில் நீல நூலும் கட்டினால், சிவப்பு வெளிக்கரையைப் பார்த்துச் சாயும், நீலம் உள்கரையைப் பார்த்துச் சாயும். மேல்தண்ணீர் போய் வெளிக்கரையில் முட்டும். முட்டிக் கீழே இறங்கிக் கரையின் காலை வாரும். வாரிய மண்ணை அடியோடு அடியாக இழுத்துக்கொண்டு போகும். எடுத்ததை எடுத்த இடத்தின் எதிரிலேயே போடாது. பெரும்பாலும் கீழே, அடுத்த வளைவின் உள்மடியில் கொண்டுபோய்ப் படுக்கவைக்கும். சாயம் போட்ட மணலைத் தூவி இதை அவன் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறான். ஆறு திருடினாலும் ஒழுங்காகத்தான் திருடும்.

அவனுடைய அப்பா இறந்த வருஷம் கொட்டகைக்கு ஒரு பாலம் வந்தது. பெரிய ஆற்றின் குறுக்கே, ஊருக்குச் சற்று மேலே கட்டப் போகிற பாலம். வெள்ளம் பக்கவாட்டில் போய்ப் பாலத்தைச் சுற்றிக்கொள்ளாமல் இருக்கக் கரையோரம் ஒரு நீளச் சுவரும் வைத்தார்கள். அந்தச் சோதனையை நடத்தியது ஒரு இளம் பொறியாளர்ப் பெண். மேடம் என்றால் முகம் சுளிப்பாள், அக்கா என்றால் இன்னும் சுளிப்பாள். ஆகவே எல்லோரும் 'நீங்க' என்று பொதுவாகச் சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்தார்கள். பம்பைப் போட்டார்கள். பாலம் அசையாமல் நின்றது. ஆனால் சுவரில் மோதிய தண்ணீர் எதிர்ப்பக்கம் திரும்பிப் போய், தொட்டியின் கோடியில் இருந்த வளைவை ஒவ்வொரு நாளும் தின்றது. ஒவ்வொரு காலையும் அந்த ஒரே இடத்தைத்தான் குட்டியாறு கரணையால் மறுபடி மறுபடி எடுத்துக் கட்ட வேண்டியிருந்தது. நாலைந்து தடவை கட்டிய பிறகுதான் தான் கட்டிக்கொண்டிருப்பது எந்த இடம் என்று அவனுக்கு உறைத்தது. அது ஆற்றோரத் தெரு. அவன் பிறந்த வீடு இருக்கும் தெரு.

அந்தக் கரை நிஜத்திலும் விழுமா என்று பொறியாளரிடம் கேட்டான், சும்மா கேட்பதுபோல.

"விழும்" என்றாள் அவள். "கூட்டத்துல சொல்லிட்டேன். பாலம் நிக்குமான்னுதான் நம்மளைக் கேட்டாங்க, மத்ததைப் பாலம் முடிஞ்சு பாத்துக்கலாம்னுட்டாங்க."

"எப்ப விழும்?"

"அதை இந்த மணல் சொல்லாது. இது பொசுக்குன்னு கரையுது. அங்க இருக்கறது களிமண். வருஷக்கணக்கா ஒண்ணுமே ஆகாத மாதிரி நிக்கும், அடியில மட்டும் போய்க்கிட்டே இருக்கும். அப்புறம் ஒரே நாள்ல வந்துரும். உங்களுக்குத் தெரியாததா? வெள்ளத்துல வராது. வெள்ளம் சட்டுன்னு எறங்குற அன்னைக்கு வரும்."

அவன் தலையை ஆட்டிவிட்டுக் கரணையைக் கழுவப் போனான். தனக்கு அங்கே ஒரு வீடு இருக்கிறது என்று சொல்லவில்லை.

அப்பா விட்டுப்போனது இரண்டு வீடுகள். ஒன்று ஆற்றோர வீடு. அகலக் கூடம், நாலு பக்கமும் ஜன்னல், பின்னால் ஆற்றை நோக்கி இறங்கும் தோட்டம். மற்றது கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த சந்து வீடு. ரயில்பெட்டி மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக அறைகள், பட்டப்பகலில் விளக்குப் போட்டால்தான் சோற்றில் கல் தெரியும். ஆற்றோர வீடு மகனுக்கு, சந்து வீடு மகளுக்கு என்பது அப்பாவின் வாய்வார்த்தை. உறவுக்காரர்கள் கூடிப் பேசிய அன்று, யாரும் எதிர்பார்க்காமல் குட்டியாறு தொண்டையைச் செருமிக்கொண்டு, பெரிய வீட்டைத் தங்கையே எடுத்துக்கொள்ளட்டும், எனக்குச் சந்து வீடு போதும் என்றான்.

அவன் மனைவி யாருக்கும் தெரியாமல் அவன் தொடையைக் கிள்ளினாள். கிள்ளிய இடம் ஒரு வாரம் கன்றிப்போயிருந்தது. உறவுக்காரர்கள் ஆளாளுக்கு அவனைத் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். கூடப்பிறந்தவனென்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று சொல்லித் தங்கள் அண்ணன்களைப் பார்த்தார்கள். தையல்காரர் அழுதேவிட்டார். மூக்கை உறிஞ்சிக்கொண்டே, இனிமேல் மச்சானுக்கு ஆயுசு முழுக்கச் சட்டை தன் கையால்தான், கூலி கொடுத்தால் கையை வெட்டிக்கொள்வேன் என்றார். தங்கை மட்டும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் "சரிண்ணே" என்றாள். பத்திரம் பதிவாயிற்று.

பாலம் கட்டினார்கள். திறந்தார்கள். ஆறு ஓடியது. ஒன்றும் ஆகவில்லை.

முதல் சில மழைக்காலங்கள் அவனுக்குப் பயத்தில் போயின. விடுமுறை நாட்களில் தங்கை வீட்டுக்குப் போவான், டீ குடிப்பான், கை கழுவுகிற சாக்கில் தோட்டத்துக் கோடிவரை நடந்து கரையை எட்டிப் பார்ப்பான். கரை அப்படியே இருக்கும். தையல்காரர் பின்னறையில் ஆற்றைப் பார்த்த ஜன்னலோரம் மிஷினைப் போட்டுக்கொண்டிருந்தார். கண்ணாடியில்லாமலே ஊசியில் நூல் கோக்க முடிகிறது, இப்படி ஒரு வெளிச்சத்தை எந்தத் தையல்காரனும் கண்டிருக்க மாட்டான், எல்லாம் மச்சான் போட்ட பிச்சை என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். சொன்னபடியே வருஷத்துக்கு ஒரு சட்டை தைத்துக் கொடுத்தார். அளவெடுக்கும்போது அவர் விரல்கள் தோளில் பட்டால் குட்டியாறுக்கு உடம்பு கூசும்.

அப்புறம் அந்தப் பயம் எப்போது வேறொன்றாக மாறியது என்று அவனுக்கே தெரியாது. சந்து வீட்டின் சுவரில் ஈரம் ஏறியது. துணி காயாது, உப்பு கசியும், மனைவி இருமுவாள். இருமலுக்கு நடுவே, "ராஜா மாதிரி இருக்க வேண்டியது, கர்ணன்னு பேர் வாங்கப் போயி எலி வளையில குடித்தனம்" என்பாள். பதில் சொல்ல அவனிடம் 'விழும்' என்று ஒரே ஒரு வார்த்தை இருந்தது. அதைச் சொல்ல முடியாது. அந்த வார்த்தைக்கு ஆறுதான் சாட்சி. அந்த ஆறோ வாயை மூடிக்கொண்டு ஓடியது. தங்கை வீட்டில் புதிதாக ஒரு சோபா வந்தது. மாடியில் ஓர் அறை எழும்பியது. தோட்டத்து ஓரத்தில் தையல்காரர் நட்ட எலுமிச்சை காய்த்து, பை பையாகச் சந்து வீட்டுக்கு வந்தது. ஒவ்வொரு பையையும் வாங்கும்போது தான் ஏமாந்துவிட்டோமோ என்று அவனுக்குள் ஒன்று பிறாண்டியது. பாவம் செய்ததாக அவன் எண்ணவில்லை. செய்த பாவம் பலிக்கவில்லையே என்றுதான் எண்ணினான்.

மழை வந்தால் அவன் முகம் தெளிய ஆரம்பித்தது. அலுவலகத்தில் மேலிருந்து வரும் நீர்மட்டச் செய்தியை யாரும் கேட்காமலே போய்க் கேட்டுக்கொண்டு வருவான். தோட்டத்துக் கோடியில் இப்போது நிற்கும்போது, அவன் கண் எலுமிச்சை மரத்தின் சாய்வை அளந்தது. ஒருநாள் அங்கே மண்ணில் கரையோடு ஒட்டி ஒரு கோடு ஓடுவதைப் பார்த்தான். விரல் நுழைகிற அளவு விரிசல். குனிந்து விரலை விட்டுப் பார்த்தான். உள்ளே குளிர்ந்த காற்று. நிமிர்ந்தபோது பின்னறை ஜன்னலிலிருந்து தையல்காரர், "என்ன மச்சான், பொன்னா புதையலா?" என்று கேட்டார். எறும்புப் புற்று என்றான் குட்டியாறு. காலால் மண்ணைத் தள்ளி விரிசலை மூடிவிட்டு வந்தான். அன்று சந்து வீட்டில் வெகுநாளைக்குப் பிறகு நன்றாகச் சாப்பிட்டான். மனைவி அதிசயமாகப் பார்த்தாள்.

அடுத்த மழைக்காலத்தில் ஆறு தோட்டத்துக்குள் ஏறியது. ஏறி, எலுமிச்சையின் அடிமரத்தை மூடி, பின்னறைப் படிவரை வந்து நின்றது. தங்கையும் தையல்காரரும் மூட்டையோடு சந்து வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். அந்த ரயில்பெட்டியில் நாலு பேர் ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு இருந்தார்கள். தையல்காரருக்கு இடைகழிதான் கிடைத்தது. "நல்லவேளை நான் ஒல்லி, இல்லேன்னா பக்கவாட்டுல நின்னுக்கிட்டுத்தான் தூங்கணும்" என்று சிரித்தார். ஆனால் அவர் மனது பின்னறையில் இருந்தது. மழை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது, தைக்க வாங்கிய சீருடைத் துணி அத்தனையும் பரண்மேல் கிடக்கிறது, பிள்ளைகள் பழைய கால்சட்டையோடு போனால் பழி தன்மேல்தான் என்று புலம்பிக்கொண்டே இருந்தார்.

மழை விட்டது. மேலே இருந்த அணையில் கதவுகளை மொத்தமாக மூடினார்கள். ஒரே காலையில் ஆறு, படியிலிருந்து இறங்கி, தோட்டத்தைத் தாண்டி, தன் பள்ளத்துக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. கடைத்தெருவில் ஜனங்கள் சிரித்துப் பேசிக்கொண்டு சேற்றைத் தள்ளத் தொடங்கினார்கள். தையல்காரர் மூட்டையைக் கட்டி வைத்துவிட்டு வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தார். குட்டியாறு வேலைக்குக் கிளம்பிச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான். தங்கை அடுக்களையிலிருந்து வந்து அவன் முன்னால் நின்றாள்.

"அண்ணே, வீட்டுக்குப் போலாமா?"

அவன் செருப்பைப் போட்டுக்கொண்டான். இரண்டு நாள் இருந்துவிட்டுப் போ என்று சொன்னால் போதும். ஏன் என்று மனைவி கேட்பாள். தண்ணீர்தான் இறங்கிவிட்டதே, இனி என்ன என்று தையல்காரர் கேட்பார். இறங்கினால்தான் விழும் என்று சொல்ல வேண்டும். அது உனக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று அடுத்த கேள்வி வரும். அந்தக் கேள்வி ஒன்று வந்தால், கூடத்தில் எல்லோரும் அவனைத் தூக்கிவைத்துக் கொண்டாடிய அந்த நாள் தலைகீழாகக் கவிழும். இத்தனை வருஷம் நின்ற கரை இன்றைக்கா விழப் போகிறது என்று தனக்குச் சொல்லிக்கொண்டான். விழட்டுமே என்று இன்னொன்று அதன் அடியில் கிடந்தது. விழுந்தால் தோட்டம்தானே போகும், மிஞ்சிப்போனால் பின்சுவர். ஆள் ஏன் போக வேண்டும்?

"தண்ணிதான் எறங்கிருச்சே" என்றான்.

அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. மூட்டைகளில் ஒன்றை அவனே தூக்கிக்கொண்டு அவர்களோடு ஆற்றோரத் தெருவரை நடந்தான். வாசற்படியில் மூட்டையை இறக்கி வைத்தான். உள்ளே வரச்சொல்லித் தையல்காரர் கையைப் பிடித்து இழுத்தார். நேரமாயிற்று என்று விடுவித்துக்கொண்டு போய்விட்டான்.

மத்தியானம் கொட்டகைக்கு ஆள் ஓடிவந்தது. அவன் போனபோது தெருப்பக்கம் எல்லாம் சரியாக இருந்தது. வாசல் கதவு, அதன் இரண்டு பக்கமும் ஜன்னல், மேலே மாடி அறையின் முன்சுவர். கதவைத் திறந்தால் கூடத்தில் பாதி, அப்புறம் ஆகாசம். பின்னறையும் தோட்டமும் மரமும் ஒரே கட்டியாக வழுக்கிக்கொண்டு போயிருந்தன. அறுத்தெடுத்தாற்போலக் கரை செங்குத்தாக நின்றது. மிஷின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது, திடீரென்று நின்றது, அப்புறம்தான் பெரிய சத்தம் கேட்டது என்று எதிர்வீட்டுக்காரர் சொன்னார். தங்கை தெருக்குழாயில் பாயைக் கழுவிக்கொண்டிருந்திருக்கிறாள். இன்னும் அந்தப் பாயைப் பிடித்தபடி குழாயடியிலேயே நின்றாள். குழாயை யாரும் மூடவில்லை.

தையல்காரரைத் தேடப் போனவர்கள் உடைந்த கரையின் கீழேயே கழிகளால் துழாவினார்கள். படகுக்காரன் எதிர்க்கரைக்குப் போகலாம் என்றான். குட்டியாறு வாயைத் திறந்தபோது, இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அவன் தொழில் பேச்சை எல்லோரும் மரியாதையோடு கேட்டார்கள். "இங்க தேடாதீங்க. கீழ அடுத்த வளைவு இருக்கே, அதோட உள்பக்கம் மணல்திட்டு. அங்க பாருங்க" என்றான்.

பொழுது சாய்வதற்குள் அங்கே கண்டெடுத்தார்கள். உடைந்த பலகைகள், மிஷின் மேஜை, சீருடைத் துணியில் பாதி, எல்லாவற்றோடும் அவர். மணல் அவரைப் பாதி மூடியிருந்தது. கழுத்தில் நாடா அப்படியே இருந்தது. ஆறு வந்து குட்டியாறு காதில் சொல்லிவிட்டுப் போகிறது என்று படகுக்காரன் தெருவெல்லாம் சொன்னான். வந்து துக்கம் கேட்டவர்களும் தங்கையிடம் அதைத்தான் சொன்னார்கள். உன் அண்ணன் மட்டும் இல்லையென்றால் உடம்புகூடக் கிடைத்திருக்காது என்றார்கள்.

அவள் சந்து வீட்டுக்கு வந்துசேர்ந்தாள். இடைகழிக்குப் பக்கத்து அறையைக் கொடுத்தார்கள். குட்டியாறு அவள் முன்னால் ஓரிரண்டு தடவை தேம்பி அழுதான். அது பாசாங்கு என்றும் சொல்ல முடியாது. அப்போது அவள்தான் எழுந்துபோய் அவனுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

ஒரு விடுமுறை நாள், அவன் மனைவி கடைக்குப் போயிருந்த நேரம், தங்கை பெருக்குமாற்றை நிறுத்திவிட்டுப் பேசினாள்.

"சின்னதுலேருந்து நீ எனக்கு எதுலயும் பெருசைக் கொடுத்ததில்லைண்ணே. ஒரு மாம்பழம் அறுத்தாக்கூட எனக்குக் கொட்டைதான். அந்த வீட்டை எடுத்துக்கன்னப்பவே நெனச்சேன், ஆத்துல ஏதோ இருக்குன்னு."

அவன் நிமிரவில்லை.

"வீடு போனா போகட்டும்னு விட்டுட்டேன். அவருக்கு அந்த வெளிச்சம் பிடிச்சிருந்துச்சு. நாள் வந்தா அண்ணன் சொல்லிரும்னு இருந்தேன். அதான் அன்னைக்கு உன்னைக் கேட்டேன். அவர் கிளம்பணும்னு குதிச்சிக்கிட்டுதான் இருந்தாரு. நான் உன்னைத்தான் கேட்டேன்."

"நான் என்ன ஜோசியமா பார்த்தேன்? எனக்கு எப்படிம்மா தெரியும்?"

"அவரு எங்க கிடப்பாருன்னு தெரிஞ்சுதே."

வாசலில் மனைவியின் செருப்புச் சத்தம் கேட்டது. தங்கை பெருக்குமாற்றை எடுத்துக்கொண்டாள். அண்ணனும் தங்கையும் என்ன ரகசியம் என்று வந்தவள் கேட்டபோது, "ஒண்ணுமில்லை அண்ணி, காலைத் தூக்கச் சொன்னேன்" என்றாள். அவன் காலைத் தூக்கினான். நாற்காலிக்குக் கீழே அவள் நிதானமாகப் பெருக்கினாள்.

அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவேயில்லை, யாரிடமும். ஆனால் ஒரு பழக்கம் வந்துவிட்டது. குழாயடிக்குப் போக வேண்டுமா, துணி காயப்போட மாடிக்கு ஏற வேண்டுமா, முடுக்குக் கடையில் ஒரு தீப்பெட்டி வாங்க வேண்டுமா, எதற்கும் முதலில் அண்ணன் இருக்கும் இடத்துக்கு வருவாள். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் வருவாள், வந்தவர்களோடு பேசிக்கொண்டிருந்தாலும் வருவாள்.

"அண்ணே, போலாமா?"

இந்தக் காலத்தில் இப்படியொரு மரியாதையை எங்கே பார்க்க முடியும் என்று அவன் மனைவி அக்கம்பக்கத்தில் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறாள். அவன் போ என்று சொல்லும்வரை தங்கை வாசற்படியைத் தாண்டுவதில்லை. சொல்ல நேரமானால், அவன் வாயையே பார்த்தபடி நிற்கிறாள்.